சில்வியா: தென்னகம் கண்ட கரிய சிறுகோள்

திருவனந்தபுரம் நகரின் நடுவே உள்ள குன்று ஒன்றின் மீது பழமையான வானாராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்துள்ளது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஆட்சிக் காலத்தில், 1837ஆம் ஆண்டில், அது தோற்றுவிக்கப்பட்டது. ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வணிக முகவராகப் பணியாற்றி வந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டார். கருவிகளை வாங்குவதற்காக அவர் ஐரோப்பாவுக்கே அனுப்பப்பட்டார். இசை மேதை என்று இன்று பெரிதும் போற்றப்படும் மன்னர், விண்மீன்களை அளக்கும் பணிக்கும் அரசுக் கருவூலத்திலிருந்து பொருள் வழங்கினார் என்பது பலர் அறியாத செய்தியாகும்.

இத்தகைய நிலையங்களைப் பற்றி எக்காலத்தும் ஒரு வினா எழுவதுண்டு. வேளாண்மைக்கும் பாசனத்துக்கும் சாலைகளுக்கும் பொருள் வேண்டியிருக்கையில், வானத்தில் தோன்றும் ஒளிப்புள்ளிகளைக் குறித்து வைப்பதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவதால் விளையும் பயன் யாது என்பதே அவ்வினா. அதற்கு விடை காண, தென்னகத்தின் மற்றொரு வானாராய்ச்சி நிலையத்தில், சென்னை நுங்கம்பாக்கத்தில், 1866ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் காணப்பட்ட ஓர் ஒளிப்புள்ளியின் வரலாறு துணை செய்யும். சில்வியா என்று பெயரிடப்பட்ட அந்தச் சிறுகோள் எவ்வளவு பெரியது, எவ்வளவு கரியது, எவ்வளவு எடையுள்ளது என்பவற்றை அறிய ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே

சூரியனைச் சுற்றி வரும் கோள்களின் தொலைவுகளை ஒழுங்குபடுத்திப் பார்த்த பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர்கள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள இடைவெளி அளவுக்கு மிஞ்சியதாக இருப்பதைக் கண்டனர். அங்கே இன்னும் அறியப்படாத கோள் ஒன்று இருத்தல் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் பியாசி என்னும் வானியலார் சீரீஸைக் கண்டுபிடித்தார். தேடிய கோள் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1802இல் பாலஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என்று அதே பகுதியில் அடுத்தடுத்து வேறு சிறு கோள்களும் காணப்பட்டன. ஒரு கோள் இருக்க வேண்டிய இடத்தில் பல சிறுகோள்கள் உலவுகின்றன என்பது தெளிவாயிற்று.

இப்பகுதியே சிறுகோள் வளையம் எனப்படுகிறது. இன்று பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்கள் கண்டறியப்பட்டுள்ளன; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இவ்வளையத்தில் உள்ளவை. எனினும் வளையத்தில் உள்ள அனைத்தையும் ஒன்றாகத் திரட்டினாலும் அதன் பொருண்மை நமது சந்திரனின் பொருண்மையில் நூற்றில் நான்கு பங்கைக் கூட எட்டாது. சுமார் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள சீரீஸ் இவற்றுள் மிகப் பெரியது. 2006ஆம் ஆண்டு முதல் அது குறுங்கோள் என்ற தனி வகையிலும் சேர்க்கப்பட்டுள்ளது.

இவை சிதறிப்போன ஒரு பெருங்கோளின் துண்டுகள் என்று முன்னர் எண்ணப்பட்டது. அக்கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. வியாழனின் ஈர்ப்பு இப்பகுதியிலிருந்த பொருள்களைக் கலைத்துக்கொண்டே இருந்ததால் அவை ஒன்றுகூடிக் கோளாக உருவாக முடியவில்லை. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் சூரிய மண்டலம் உருவானபோது இருந்த மூலப்பொருள்களுள் ஒரு பகுதி அவற்றில் பெரிதும் மாறுபடாமல் எஞ்சியுள்ளது. சிறுகோள்களின் மீது விஞ்ஞானிகள் கொண்டுள்ள ஆர்வத்துக்கு இதுவே முதற்காரணம்.

சென்னையில் போக்சன்

சென்னை வானாராய்ச்சி நிலையம் 1786இல் வில்லியம் பெட்ரி என்பவரின் தனி முயற்சியாகத் தொடங்கி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலையமாக உருப்பெற்றது. 1861ஆம் ஆண்டில் நார்மன் ராபர்ட் போக்சன் அரசு வானியலராக அங்கு வந்து பொறுப்பேற்றார். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றியபோதே அவர் மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்திருந்தார்.

அக்காலத்தில் சிறுகோளைத் தேடுவதற்கு நிழற்படக்கருவி இல்லை. வானத்தின் ஒரு பகுதியில் தெரியும் விண்மீன்களை எல்லாம் படமாக வரைந்துகொள்ள வேண்டும். பின்னர் தொலைநோக்கி வழியே வானத்தையும் படத்தையும் ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி வானத்தில் தென்பட்டால், அடுத்த இரவும் அதனைக் காண வேண்டும். அது இடம் பெயர்ந்திருந்தால் விண்மீன் அன்று. இம்முறைக்குத் தேவையானவை நல்ல வரைபடமும் தளராத பொறுமையுமே.

சென்னையின் இருப்பிடமும் இப்பணிக்கு உதவியது. சிறுகோள்கள் பெரும்பாலும் சூரியப் பாதையையொட்டிய ராசி மண்டலத்திலேயே காணப்படும். ஒரு சிறுகோள் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் வரும்போது தான் அது பூமிக்கு அருகிலும் ஒளி மிகுந்தும் இருக்கும். மே மாத நடுவில் அவ்வாறு எதிர்த்திசையில் அமையும் ராசிப்பகுதி, நள்ளிரவில் லண்டன் நகரில் அடிவானத்துக்கு மேல் சுமார் 20 பாகை உயரத்திலேயே நிற்கும். மங்கிய பொருள்களின் ஒளி அங்கே காற்று மண்டலத்தின் தடித்த அடுக்கினூடே வந்து நலிந்துவிடும். அதே பகுதி சென்னையில் ஏறத்தாழ 58 பாகை உயரத்தில் தெளிவாகத் தெரியும்.

போக்சன் சென்னையில் கண்டுபிடித்த முதல் சிறுகோள் 1861 ஏப்ரல் 17ஆம் நாள் தென்பட்டது. ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் காணப்பட்டதால் அதற்கு ஆசியா என்றே பெயர் சூட்டப்பட்டது. 1864 மே மாதத்தில் சாப்போவும், 1866 மே 16இல் சில்வியாவும், 1868 நவம்பர் 17இல் கமில்லாவும், 1885 பிப்ரவரியில் வேராவும் காணப்பட்டன. இவ்வைந்தனுள் சில்வியாவும் கமில்லாவும் வளையத்தின் வெளிவிளிம்பில் உலவும் பெரிய, கரிய சிறுகோள்கள் என்பது பின்னர் தெரிய வந்தது. போக்சனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர் கண்டது, வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய விண்மீனைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் மங்கிய ஒரு புள்ளியை மட்டுமே.

போக்சனின் பெயரோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை நிலையத்தின் முதல் உதவியாளராக விளங்கிய இவர், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து சென்றதை முன்னிட்டு, அந்நிகழ்ச்சியை விளக்கும் நூலைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். வானியல் அறிவு நிலையத்தின் சுவருக்குள் அடங்கிவிடாமல் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பது அவரது நோக்கமாக இருந்தது.

ஒளியை அளக்கும் கோல்

சில்வியாவின் உண்மை உருவம் வெளிப்பட உதவிய கருவிகளுள் ஒன்று போக்சனே வகுத்துத் தந்தது என்பது இவ்வரலாற்றின் சிறப்பாகும். விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என ஆறு தரங்களாகப் பகுக்கும் வழக்கம் பண்டைக் கிரேக்கர் காலம் முதல் இருந்து வந்தது. ஆனால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதில் வானியலார்களிடையே ஒற்றுமை இல்லை. ஐந்து தரங்களின் வேறுபாடு சரியாக நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்று கொள்ளலாம் என 1856இல் போக்சன் முன்மொழிந்தார். அதன்படி ஒரு தரத்தின் வேறுபாடு 2.512 மடங்காகும். உலகெங்கும் வானியலார் இன்றும் கையாளும் அளவுகோல் இதுவே.

ஒளியைத் துல்லியமாக அளந்துவிட்டால் சிறுகோளின் அளவு தெரிந்துவிடும் அல்லவா என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு தெரிவதில்லை. சிறுகோளுக்குத் தன்னொளி கிடையாது. சூரிய ஒளியைத் திருப்பியனுப்புவதால் மட்டுமே அது தெரிகிறது. எனவே அதன் பிரகாசம் இரண்டைப் பொறுத்தது. ஒன்று அதன் பரப்பு. மற்றொன்று அதன் மேற்பரப்பு ஒளியைத் திருப்பியனுப்பும் திறன். சுண்ணாம்பு பூசிய சிறிய தட்டும் அடுப்புக்கரி பூசிய பெரிய தட்டும் தொலைவிலிருந்து ஒரே அளவு ஒளியைத் தரக்கூடும். தட்டின் உருவம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு புள்ளியாக மட்டும் தோன்றினால், இது எத்தட்டு என்று கூற இயலாது.

சில்வியாவின் நிலையும் இதுவே. அதன் மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் 25 பங்கைத் திருப்பியனுப்புவதாகக் கொண்டால், அதன் விட்டம் 110 கிலோமீட்டர் என்று கணக்கு வரும். நூற்றில் 4 பங்கையே திருப்பியனுப்புவதாகக் கொண்டால், விட்டம் அதைப்போல் இரண்டரை மடங்காகிவிடும். விட்டம் இரண்டரை மடங்கானால் கொள்ளளவு பதினைந்து மடங்குக்கு மேல் பெருகும். ஒரே ஒளிப்புள்ளி, ஒரு சிறு பாறையாகவும் இருக்கலாம். அதைப்போல் பதினைந்து மடங்குள்ள உலகமாகவும் இருக்கலாம். தொலைநோக்கியால் உருவத்தை நேரே அளப்பதும் அக்காலத்தில் இயலாததாக இருந்தது. பூமிக்கு அருகில் வரும் காலத்திலும் சில்வியா ஒரு விகலைக் கோணத்தில் ஏழில் ஒரு பங்கு அகலமே தோன்றும். காற்று மண்டலத்தின் அலைவோ அதைவிடப் பன்மடங்கு பெரியது.

வெப்பம் காட்டிய உண்மை

இச்சிக்கலுக்கு வெப்பக் கதிர்கள் தீர்வு தந்தன. ஒரு பொருள் திருப்பியனுப்பாத ஒளி அதற்குள்ளேயே உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது. வெப்பமடைந்த மேற்பரப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. வெயிலில் கிடக்கும் கருங்கல்லில் கால் வைத்தவர்கள் இதனை நன்கறிவர். வெண்மையான சிறுகோள் ஒளியில் மிகுந்தும் வெப்பத்தில் குறைந்தும் இருக்கும். கரிய சிறுகோள் ஒளியில் குறைந்தும் வெப்பத்தில் மிகுந்தும் இருக்கும். ஆகவே ஒளி, வெப்பம் இரண்டையும் அளந்தால் பரப்பையும் நிறத்தையும் தனித்தனியே பிரித்தறிய முடியும்.

1970ஆம் ஆண்டு முதல் இம்முறை வளர்ந்தது. 1983 ஜனவரியில் நெதர்லாந்து, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகள் சேர்ந்து செலுத்திய ஐராஸ் என்னும் செயற்கைக்கோள், நீர்ம ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட கருவிகளைக் கொண்டு பத்து மாதக் காலம் வானத்தை அகச்சிவப்பில் அளந்தது. ஏராளமான சிறுகோள்களின் அளவுகள் அதனால் வெளிப்பட்டன. பெரிய சிறுகோள்களுள் பல, எதிர்பார்த்ததைவிடக் கரியவை என்பது உறுதிப்பட்டது.

இம்முறையாலும் பின்வந்த அளவீடுகளாலும் சில்வியாவைப் பற்றி இன்று அறியப்பட்டவை வருமாறு: சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவு ஏறத்தாழ 52 கோடி கிலோமீட்டர். சூரியனை ஒருமுறை சுற்றி வர ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. தன்னைத்தானே 5 மணி 11 நிமிடத்தில் சுழல்கிறது. ஒரே சீரான உருண்டையாக இல்லாமல் நீண்ட வடிவம் கொண்டது. நீளவாக்கில் 360 கிலோமீட்டரை ஒட்டியும், சராசரி விட்டத்தில் சுமார் 270 கிலோமீட்டரும் உள்ளது. திருவனந்தபுரத்திலிருந்து கோயம்புத்தூர் வரை நேர்கோட்டில் அளந்தால் கிடைக்கும் தொலைவுக்கு இது ஏறக்குறைய சமம். வளையத்திலுள்ள சிறுகோள்களை அளவின்படி வரிசைப்படுத்தினால் சில்வியா முதல் பத்தை ஒட்டியே இடம்பெறும். ஆயினும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் நான்கைந்து பங்கையே அது திருப்பியனுப்புகிறது. நமது சந்திரனே நூற்றில் சுமார் பன்னிரண்டு பங்கைத் திருப்பியனுப்புகிறது என்பதை எண்ணினால் அதன் கருமை விளங்கும்.

எடை கூறிய துணைக்கோள்கள்

அளவு தெரிந்த பின்னரும் பொருண்மை தெரியாமலே இருந்தது. பொருண்மை தெரியாவிட்டால் அது பாறையா, பனியா, உலோகமா என்று கூற இயலாது. விண்ணிலுள்ள பொருளை நிறுத்துப் பார்க்க ஒரே வழி, அது மற்றொரு பொருளை எவ்வளவு வலிமையாக ஈர்க்கிறது என்று காண்பதேயாகும்.

2001 பிப்ரவரியில் ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கியைக் கொண்டு மைக்கேல் பிரவுன், ழான்-லூக் மார்கோ ஆகியோர் சில்வியாவைச் சுற்றி வரும் துணைக்கோள் ஒன்றைக் கண்டனர். காற்றின் அலைவை ஒவ்வொரு கணமும் அளந்து, அதற்கேற்பக் கண்ணாடியின் வளைவை நொடிக்குப் பல நூறு முறை திருத்தும் புதிய உத்தி இதனைச் சாத்தியமாக்கியது. 2004இல் சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியின் வழியே ஃபிராங்க் மார்ஷிஸ் தலைமையிலான குழுவினர் இரண்டாவது துணைக்கோளையும் கண்டறிந்து, 2005 ஆகஸ்டில் அதனை வெளியிட்டனர். இரு துணைக்கோள்களை உடைய சிறுகோள் என்று முதன்முதலில் அறியப்பட்டது சில்வியாவே. ரோமானியர் புராணத்தில் ரேயா சில்வியா என்பவள் இரட்டைப் பிள்ளைகளின் தாய். அப்பிள்ளைகளின் பெயர்களான ரோமுலஸ், ரீமஸ் என்பனவே துணைக்கோள்களுக்கு இடப்பட்டன. போக்சன் 1866இல் சூட்டிய பெயர் இவ்வாறு 139 ஆண்டுகளுக்குப் பின் முழுமை பெற்றது.

ரோமுலஸ் சுமார் 1,360 கிலோமீட்டர் தொலைவில் மூன்று நாள் பதினாறு மணிக்கு ஒருமுறை சில்வியாவைச் சுற்றுகிறது. ரீமஸ் சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் 33 மணி நேரத்தில் சுற்றுகிறது. தொலைவும் காலமும் தெரிந்துவிட்டால், கெப்ளரின் விதியையும் நியூட்டனின் ஈர்ப்பு விதியையும் கொண்டு கல்லூரி மாணவரும் நடுக்கோளின் பொருண்மையைக் கணக்கிடலாம். ஏறத்தாழ 1,500 லட்சம் கோடி டன் என்னும் அளவைப் பத்து மடங்காக்கினால் வரும் தொகை அது. இத்தொகையைக் கொள்ளளவால் வகுத்தால் கிடைக்கும் அடர்த்தி, நீரின் அடர்த்தியைப்போல் 1.4 மடங்கேயாகும். சந்திரனின் அடர்த்தி நீரைப்போல் 3.3 மடங்கு.

இவ்வளவு குறைந்த அடர்த்தி பாறையால் மட்டும் ஆன திண்ணிய பொருளுக்குப் பொருந்தாது. சில்வியாவின் உள்ளே வெற்றிடங்களோ பனியோ மிகுதியாக இருத்தல் வேண்டும். முற்காலத்தில் பெருமோதல் ஒன்றால் உடைந்து, துண்டுகள் தம் ஈர்ப்பினாலேயே மீண்டும் ஒன்றுகூடியதால் உருவான சரளைக் குவியல் போன்றது இது என்று 2005ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கருதினர். துணைக்கோள்களும் அம்மோதலின் எச்சங்களாக இருக்கலாம். நடுப்பகுதி அடர்ந்தும் வெளிப்பகுதி இளகியும் இருக்கக்கூடும் என்று 2021இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. போக்சன் கண்ட கமில்லாவுக்கும் 2001இலும் 2016இலும் இரு துணைக்கோள்கள் கண்டறியப்பட்டன. ஒரே நிலையத்தில், ஒரே மனிதர், இரண்டரை ஆண்டு இடைவெளியில் கண்ட இரு புள்ளிகளும் மூன்று பொருள்கள் சேர்ந்த குடும்பங்களாக விளங்குவது குறிப்பிடத்தக்கது.

இங்கே ஒன்றை மறத்தல் ஆகாது. 1983இல் செயற்கைக்கோளின் பதிவுகளுள் எது சில்வியா என்று அடையாளம் காணவும், 2001இல் பெரிய தொலைநோக்கியை எத்திசையில் திருப்ப வேண்டும் என்று கூறவும், அதன் சுற்றுப்பாதை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாதை ஓர் இரவின் கண்டுபிடிப்பால் கிடைத்ததன்று. சென்னையில் தொடங்கிப் பல நாடுகளின் நிலையங்கள் ஆண்டுதோறும் குறித்து வைத்த இருப்பிடங்களிலிருந்து உருவானது அது. 2001ஆம் ஆண்டுக்குள் சில்வியா சூரியனை இருபது முறைக்கு மேல் சுற்றி வந்துவிட்டது.

நூற்று மூன்று ஆண்டு இடைவெளி

1885இல் வேரா காணப்பட்ட பிறகு இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோள் கண்டுபிடிக்கப்பட 103 ஆண்டுகள் கடந்தன. இதற்குக் காரணம் கருவிகளில் நேர்ந்த மாற்றமே. 1891ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியில் மாக்ஸ் வுல்ஃப் என்பவர் நிழற்படத் தகட்டைப் பயன்படுத்திச் சிறுகோளைக் கண்டுபிடித்தார். நெடுநேரம் ஒளிபடவிட்ட தகட்டில் விண்மீன்கள் புள்ளிகளாகவும் சிறுகோள் ஒரு சிறு கோடாகவும் பதிந்தன. கண்ணால் ஒப்பிட்டுத் தேடும் முறை அத்துடன் பின்தங்கிவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் போக்சன் சென்னையில் காலமானார். 1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டு, சூரியனைப் பற்றிய ஆராய்ச்சியே அங்கு முதன்மை பெற்றது. அத்துறையில் கொடைக்கானல் உலகப் புகழ் ஈட்டியது. எனினும் சிறுகோள் தேடும் பணி நின்றுபோயிற்று.

அறுபட்ட இழை, தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் மீண்டும் பற்றப்பட்டது. வேணு பாப்பு அவர்களின் முயற்சியால் உருவான அந்நிலையத்தில், 1987இல் ஆர். ராஜமோகன் தலைமையில் சிறுகோள் தேடும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 1988 பிப்ரவரி 17ஆம் நாள் காணப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. 1989இல் அங்கே கண்ட மற்றொரு சிறுகோள், கேரளத்தைச் சேர்ந்த விஞ்ஞானி சைனுதீன் பட்டாழியின் பெயரைத் தாங்கியுள்ளது.

சிறுகோள் ஆய்வால் விளையும் பயன்

பயன் பற்றிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். முதலாவது, கரிய சிறுகோள்கள் சூரிய மண்டலத்தின் தொன்மையான பொருள்களைக் காத்து வைத்துள்ளன. சில்வியாவைப் போலவே கரியவை, ஆனால் ஒரு கிலோமீட்டரையும் எட்டாதவை ரியுகு, பென்னு என்னும் சிறுகோள்கள். ஜப்பானிய விண்கலம் ரியுகுவிலிருந்து 2020இல் ஐந்து கிராமுக்குச் சற்று மேலும், அமெரிக்க விண்கலம் பென்னுவிலிருந்து 2023இல் 120 கிராமுக்குச் சற்று மேலும் மண்ணைப் பூமிக்குக் கொணர்ந்தன. நீர் கலந்த தாதுக்களும், கரிமச் சேர்மங்களும், உயிரினங்களின் புரதங்களுக்கு அடிப்படையான அமினோ அமிலங்களும் அவற்றில் காணப்பட்டன. பூமியின் நீரும் உயிரின் மூலப்பொருள்களும் எங்கிருந்து வந்தன என்ற ஆராய்ச்சிக்கு இவை அடிப்படைச் சான்றுகளாகும்.

இரண்டாவது பயன் பாதுகாப்பு பற்றியது. சில்வியா பூமியின் பக்கம் வருவதில்லை, அதனால் அச்சமில்லை. ஆனால் பூமிக்கு அருகே வரும் சிறுகோள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 2013 பிப்ரவரி 15ஆம் நாள் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் வெடித்த விண்கல் சுமார் 20 மீட்டர் விட்டமே உடையது. நொறுங்கிய கண்ணாடிகளால் ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். புதிதாக ஒரு சிறுகோள் காணப்படும்போது முதலில் தெரிவது அதன் பிரகாசம் மட்டுமே. அது வெளிறியதா கரியதா என்று தெரியாதவரை, அதன் பொருண்மையில் பதினைந்து மடங்கு வரை ஐயம் எஞ்சியிருக்கும். மோதலின் ஆற்றல் பொருண்மையைப் பொறுத்ததாகையால், எந்த அளவில் முன்னெச்சரிக்கை வேண்டும் என்பதும் அந்த ஐயத்துக்கு உள்ளாகிறது. சில்வியாவின் அளவை வெளிப்படுத்திய அதே வெப்ப அளவீடு, இன்று இவ்வபாயத்தை மதிப்பிடும் முறையாக விளங்குகிறது.

துணைக்கோளைக் கொண்டு அளக்கும் முறையும் இவ்வாறே பயன்பட்டது. 2022 செப்டம்பர் 26ஆம் நாள் அமெரிக்க விண்கலம் ஒன்று டிடிமோஸ் என்னும் சிறுகோளின் துணைக்கோளான டிமார்ஃபோஸ் மீது வேண்டுமென்றே மோதவிடப்பட்டது. மோதலால் பாதை மாறியதா என்பதைத் துணைக்கோளின் சுற்றுக் காலத்தை அளந்தே அறிந்தனர். அக்காலம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. சிறுகோளின் பாதையை மனிதரால் மாற்ற முடியும் என்பதற்கு அதுவே முதற்சான்று.

பதிவேட்டின் மதிப்பு

திருவனந்தபுரக் குன்றின் வரலாறும் இதே பாடத்தைத் தருகிறது. கால்டிகாட்டுக்குப் பின், 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன் பூமியின் காந்தப் புலத்தை இடையறாது அளந்தார். நிலநடுக்கோட்டுக்கும் காந்த நடுக்கோட்டுக்கும் அருகே அமைந்த திருவனந்தபுரம் அதற்கு ஏற்ற இடமாக இருந்தது. அகத்திய மலையின் உச்சியிலும் ஒரு துணை நிலையம் அமைத்து அளவுகள் எடுக்கப்பட்டன. 1865இல் அவர் நாடு திரும்பிய பின்னர் நிலையத்தின் பணி பெரிதும் சுருங்கியது. எனினும் அதுவரை எடுத்த அளவுகள் வீணாகவில்லை. 1874இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆணைப்படி நூலாக அச்சிடப்பட்டன. காந்த நடுக்கோட்டின் அண்மை என்ற அதே இயல்பே, ஒரு நூற்றாண்டுக்குப் பின் நாட்டின் முதல் ராக்கெட் தளத்துக்கு அருகிலுள்ள தும்பாவைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. இன்று விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அந்நகரில் விளங்குகிறது.

ஒரு நிலையத்தைத் தொடங்குவதைக் காட்டிலும் அதன் அளவீடுகளை இடைவிடாது தொடர்வதும், தொடர்ந்தவற்றைப் பிழையின்றிப் பதிந்து பாதுகாப்பதும் கடினமானவை. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் கண்களுக்கு அவற்றின் பயன் எளிதில் புலப்படுவதில்லை. சில்வியாவைப் பற்றிய முதற்குறிப்பை நுங்கம்பாக்கத்தில் எழுதியவர் அதன் அளவை அறியாமலே மறைந்தார். அக்குறிப்பின் மீதே பின்வந்தவர்கள் தங்கள் கணக்குகளைக் கட்டினர்.

சில்வியாவை இன்றும் மாணவர்கள் காண முடியும். பூமிக்கு எதிர்வரும் மாதங்களில் அது பதினொன்று அல்லது பன்னிரண்டாம் தர ஒளியுடன் விளங்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அதற்குப் போதுமானது. அதன் இருப்பிடத்தைச் சுற்றியுள்ள விண்மீன்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த இரவு மீண்டும் பார்த்தால், புள்ளிகளுள் ஒன்று முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்திருப்பது தெரியும். போக்சன் 1866இல் கண்டதும் அவ்வளவே.